"தோட்டத்து ஆட்கள் என்று ஊருக்கே தெரிய வேண்டுமா?" - ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். ரவிக்கை வெட்டுவது, கை வைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த காணொளியில் பதில் சொல்கிறேன். இந்தத் தங்கச்சியின் கேள்வியை வாசித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு.

வாசிக்கிறேன், கேளுங்கள். "அக்கா, எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. நான் கோலாலம்பூரில் படிக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் அண்ணனுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு உறுமி மேளம் வைக்கலாம், நம் மலேசியப் பாடகர்களைப் பாடச் சொல்லலாம், நான் மெழுகால் வரைந்து சாயமேற்றிய பாத்தேக் சேலை கட்டுகிறேன் என்று சொன்னேன். அம்மா, 'தோட்டத்து ஆட்கள் என்று ஊருக்கே தெரிய வேண்டுமா?' என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்குள்ளும் அந்தக் கூச்சம் இருக்கிறது. கல்லூரித் தோழிகள் வருவார்களே என்று நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. நம்முடையதை நினைத்துப் பெருமைப்படக் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை அது தானாக வர வேண்டியதா?"

கற்றுக்கொள்ளலாம், தங்கச்சி. நான் கற்றுக்கொண்டுதான் வந்தேன். அதுவும் நாற்பது வயதுக்கு மேல்.

என் அப்பா காலையில் பால்மரம் வெட்டுவார். திருவிழாக் காலத்தில் உறுமி அடிப்பார். நான் இடைநிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போனபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "தோட்டத்தில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உறுமியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். ஒரு வருடம் கோயில் ஊர்வலம் டவுன் வழியாக வந்தது. முன்னால் அப்பா உறுமியோடு வருகிறார். சாலையோரம் என் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் சட்டென்று ரதத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை, அவர் காலமும் முடிந்துவிட்டது.

அவர் வேலையை விட்டு வீட்டில் இருந்த கடைசி வருடங்களில் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் உறுமி கற்றுக்கொள்ள வந்தான். நான் அதே கூடத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் முதல்முறையாக அந்த வாத்தியத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும் கட்டை, இரண்டு பக்கமும் தோல், அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு. ஒரு தோலை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். இன்னொரு தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போதுதான் அந்த உறுமல் வரும். பெயரே அதிலிருந்து வந்ததுதானே. அழுத்தம் கொஞ்சம் கூடினால் சத்தம் மேலே ஏறும், குறைந்தால் அடங்கும். ஒரு கை தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மறு கை அழுகிற மாதிரி, கூப்பிடுகிற மாதிரி ஒலியை வளைக்கிறது. அந்தப் பையனுக்கு ஒரு சுத்தமான உறுமல் வரவே மூன்று வாரம் பிடித்தது. அப்பா பொறுமையாக, "கையில் பலம் வேண்டாம்டா, எடை வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இத்தனை நுணுக்கம் தெரிந்த மனிதர் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். கூச்சம் ஒரே நாளில் போகவில்லை. ஆனால் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அதைத் தாழ்வாக நினைக்க எனக்கு முடியவில்லை. அதனால்தான் கற்றுக்கொள்ளலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அண்ணன் கல்யாணத்துக்கு உறுமி மேளம் பேசப் போகும்போது நீங்களும் போங்கள். அவர்கள் பழகும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? நாம் மறைக்கக் கூடாத ஒரு காரணம் இருக்கிறது. தோல் கருவி வாசிப்பவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த பழக்கம் நம்மோடு கப்பலேறி வந்தது. தப்பு மேளத்தையும் உறுமியையும் சாவு வீட்டோடும் கள்ளுக்கடையோடும் மட்டுமே சேர்த்துப் பேசினார்கள். அப்புறம் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வாளி, உடம்பில் ஒட்டிய பால் நாற்றம். டவுனுக்குப் போனால் "எஸ்டேட் ஆள்" என்ற ஏளனப் பார்வை. உங்கள் அம்மா அந்தப் பார்வையை நேரில் வாங்கியவர். அவர் கேள்வியில் இருப்பது வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. தன் பிள்ளைகளை யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்ற பயம் அது. அதனால் அம்மாவோடு சண்டை போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவும் பாட்டியும் வேலைக்காட்டில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேளுங்கள். தாலாட்டு இருக்கும், கும்மி இருக்கும், கப்பலேறி வந்த கதை இருக்கும், ஆள் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணியைத் திட்டிய பாட்டும் கட்டாயம் இருக்கும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி ஆள் கூட்டி வருவது 1938இல் நின்றது. ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுகள் மரத்துக்கு மரம், வாய்க்கு வாய் கடந்து நம் பாட்டிமார் வரை வந்துவிட்டன. கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். முதலில் "அதெல்லாம் எதுக்கும்மா" என்பார்கள். இரண்டாவது பாட்டில் குரல் திறந்துவிடும். என் பெரியம்மா அப்படித்தான் ஒரு மதியம் முழுக்கப் பாடினார்.

இன்னொரு காரணம், நம்மை நாமே சென்னைக் கண்ணால் பார்ப்பது. சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் கடையில் அது ஓடாத நாள் கிடையாது. ஆனால் இதைக் கவனியுங்கள். யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ என்ற நம் ராப் குழு 1998இலேயே முதல் ஆல்பத்தைப் போட்டுவிட்டது. அதே யோகி பி பிறகு நட்சத்திரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தமிழில் ராப் இப்படியும் வருமா என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நின்று கேட்டார்கள். அடுத்த வருடமே சென்னைப் படத்தில் அவர் குரல் வந்தது. நம் ஊரில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகுதான் "அட, நம்ம பையன்" என்றார்கள். எட்டு வருடம் அவர் நம் பக்கத்திலேயேதான் இருந்தார்! பினாங்கிலிருந்து வந்த அலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்று அண்ணன் தம்பி இருவர். மலாய்ப் பாட்டில் நாடே அவர்களைக் கொண்டாடியது. தலையில் அந்தப் பெரிய சுருட்டை முடி ஒரு காலத்துப் பையன்களுக்கெல்லாம் நாகரிகம். என் கடைக்கு வரும் மலாய்க்கார அக்கா ஒருவர் அவர்கள் பாட்டை வரி மாறாமல் பாடுவார். அவர் பாடும்போது, அந்தக் குழுவைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் எதுவுமே சொல்லி வளர்க்கவில்லையே என்று எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதோடு காசு விஷயமும் சேர்ந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு விருந்து நிகழ்ச்சிக்கு உடை தைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பாடகருக்கு விமான டிக்கெட், ஹோட்டல், சம்பளம். நம் ஊர்ப் பெண் ஒருத்தி மூன்று பாட்டுப் பாடினாள், சொந்தமாக எழுதியதும் ஒன்று. அவளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் "உனக்கு இது ஒரு வாய்ப்பு" என்ற வார்த்தையும்தான். எனக்கு மனசு ஆறவே இல்லை. உங்கள் அண்ணன் கல்யாணத்தில் பாடுபவர்களுக்கு முன்பணம் கொடுங்கள், பேசிய தொகையை அன்றைக்கே கொடுங்கள். பாடுவதற்கு முன் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் பெயரை மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.

இனி சேலைக்கு வருவோம், இது என் தொழில். "பாத்தேக் மலாய்க்காரர்களுடையதுதானே, அதில் நமக்கு என்ன பெருமை?" என்று சிலர் கேட்பார்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் மலாய்க் கைவினைஞர்கள் வளர்த்த கலை அது. அந்த மரியாதை அவர்களுக்கே உரியது. ஆனால் தோட்டத்தில் நம் பாட்டிமார் இடுப்பில் கட்டியது எது? பாத்தேக் கைலி. ஏணை கட்டிப் பிள்ளையைத் தூங்க வைத்தது அந்தக் கைலியில்தான். வெயிலுக்குத் தலையில் போட்டதும் அதுதான். நான் தூங்கிய ஏணையின் பூ எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கருநீலத்தில் செம்பருத்தி. இந்த மண்ணின் துணி நம் உடம்பில் ஏறி நெடுங்காலமாகிவிட்டது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இருக்கும் மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். பேச்சு மலாய், சாமி நம் சாமி, பெண்கள் கட்டுவது கெபாயா என்ற மேல்சட்டையும் சாரோங் என்ற கைலியும். அவர்கள் 1781இல் எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. கெபாயாவை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு முதலில் அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

கோத்தா பாருவில் ஒரு பட்டறையில் போய் நின்று பார்த்தேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். சந்திங் என்ற சின்னக் கருவியில் உருகிய மெழுகை எடுத்துக் கோடு போடுகிறார்கள். மெழுகின் சூடு குறைந்தால் துணிக்குள் இறங்காது, சாயம் கசிந்துவிடும். சூடு கூடினால் கோடு பரவிவிடும். கோட்டுக்குள் தூரிகையால் சாயம் விடுகிறார்கள். அது வரைந்த இலைக்குள் நனைந்து பரவி, மெழுகுக் கோட்டில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் நிறம் பிடிக்க சோடியம் சிலிகேட் பூசி ஊற விட்டு, கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டு அலச வேண்டும். இதில் சேலை என்றால் ஐந்தரை மீட்டர். சட்டத்தில் நகர்த்தி நகர்த்தி, முந்தானையில் பூ தலைகீழாகப் போகாமல் பார்த்து வரைய வேண்டும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு போட்டுச் செய்ததில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தது பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்துத் தெரியும். அச்சுத் துணியைக் கட்டுவதில் தப்பில்லை. கை வேலை என்று சொல்லி கை வேலைக்கான விலை வாங்கினால்தான் தப்பு. அதே மாதிரி, உள்ளூர்ப் பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் ஆகா என்று சொல்ல வேண்டாம். சுருதி விலகினால் விலகியது என்று சொல்லுங்கள், ஒத்திகை கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கும் அதுதான் மரியாதை.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்கோன் மண்டபத்துக்குள் உறுமி மேளம் முழுசாக அடித்தால் பெரியவர்களுக்குக் காது தாங்காது, உங்கள் அம்மாவுக்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வரும் வரை, வெளியே, ஒரு கால் மணி நேரம் அடிக்கச் சொல்லுங்கள். திறந்த வெளியில்தான் அந்த உறுமல் அழகு. உள்ளே பாடகர்கள் பாடட்டும்.

சேலைக்கு இரண்டு மாதம் போதும், ஆனால் இந்த வாரமே சொல்லிவிட வேண்டும். ரவிக்கையைப் பூ இல்லாமல் ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சேலையிலிருக்கும் இலையின் பச்சையை எடுத்தால் போதும். பாட்டியின் பழைய கைலி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு கடைக்கு வாருங்கள். அதிலிருந்து கரையை மட்டும் வெட்டி ரவிக்கைக் கையில் வைக்கலாம். நைந்திருந்தால் அடியில் 'வாயில்' எனும் மெல்லிய துணி கொடுத்துத் தைக்க வேண்டும், அதற்கு எனக்கு ஒரு வாரம் வேண்டும். அம்மாவுக்கும் அதே கரையில் ஒன்று தைத்துவிடலாம், அளவு எடுக்க அவரும் வரட்டும்.