கேட்கிறவர்களுக்கு ஒரு பதில்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும், வடக்கே ஸ்டாங்கர் வரைக்கும், தெற்கே உம்சிந்தோ வரைக்கும், இந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். கறி கொதித்துக்கொண்டிருந்தால் தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எப்படி வாழ்வது, எப்படி மற்றவர்களுக்குச் சொல்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. முப்பத்தொரு வருஷம் தையல் ஃபாக்டரியில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முதலில் ஒரு வசனம். பேதுரு எழுதின முதலாம் நிருபம், 3ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். ஞாயிறு பள்ளியில் நம்மில் பாதிப் பேர் மனப்பாடம் செய்ததுதான். உங்களுக்குள் இருக்கிற நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்கிறார். இதில் ‘பதில் சொல்லுங்கள்’ என்பதை நாம் நன்றாகப் பிடித்துக்கொண்டோம். ‘கேட்கிறவர்களுக்கு’ என்பதை விட்டுவிட்டோம். யாராவது கேட்டார்களா? உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், கடைசியாக யார் உங்களைப் பார்த்து, நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள்? இதை நான் இன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1973இல் டர்பன் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஆண்கள் சட்டை தைக்கிற ஃபாக்டரி. என் பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு கட்டு சுவிசேஷக் கைப்பிரதிகள் எப்போதும் இருக்கும். மதிய நேரத்தில் ஒவ்வொரு மெஷினிலும் ஒன்று வைப்பேன். சபையில் சாட்சி சொல்லும்போது, இந்த வாரம் இத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எண்ணிக்கை சொல்வேன். சாயந்திரம் தரையைக் கூட்டுகிற அம்மா அதையெல்லாம் வெட்டுத் துணிகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவார். அதை நான் பல தடவை பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு இரண்டு மெஷின் தள்ளி ஒரு அக்கா இருந்தார். அவரும் விசுவாசிதான். காலர் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். காலர் தைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், தைக்கத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துணி, அதன் மேல் விறைப்பான துணி ஒன்று, மூன்றையும் சேர்த்து மூன்று பக்கம் தைக்க வேண்டும். மூலையில் மிச்சமிருப்பதைக் கத்தரித்துவிட்டு, அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். கத்தரி ஒரு நூல் கூடப் போனால் முனை பிய்ந்துவிடும். குறைந்தால் முனை உருண்டு நிற்கும். ஒரு கட்டில் இரண்டு டஜன். அக்கா திருப்பினால் இருபத்துநான்கு காலரும் ஒரே மாதிரி இருக்கும், நாற்பத்தெட்டு முனையும் கூராக நிற்கும். மேலாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அதே வரிசையில் மெரெபேங்க்கிலிருந்து வருகிற ஒரு பெண். அவளும் காலர்தான். வீட்டில் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற குடும்பம், கையில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பாள். அவளுடைய குழந்தைக்கு ஆஸ்துமா. ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, காலையில் பஸ் பிடித்து வருவாள். கண் சொருகும், கத்தரி தவறும். அவள் தைத்த கட்டுகள் சீட்டில் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தன. இன்னும் ஒரு வாரம் இப்படியானால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் மணி அடித்ததும் அக்கா நின்றபடியே ஒரு ரொட்டியைச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மெஷினில் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தையலாக அவிழ்த்து, மறுபடி தைத்தார். நீ கொஞ்சம் தலை சாய் என்று அவளிடம் சொன்னார். அவள் துணி மூட்டை மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். அன்றைக்கு மட்டும் இல்லை, மூன்று வாரம். மூன்று வாரமும் அக்காவுக்கு மதிய ஓய்வு கிடையாது. அதில் ஒரு நாள் அந்தப் பெண்ணின் மெஷினில் நானும் ஒன்று வைத்தேன். ஒரு கைப்பிரதி.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சம்பள நாள். கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அக்காவிடம் வந்தாள். “ஏன் அக்கா எனக்காக இதைச் செய்யறீங்க? நான் உங்களுக்கு என்ன சொந்தமா, பந்தமா?” என்று கேட்டாள். அக்கா பாவாடையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் செஞ்சார், நான் கேக்காமலே செஞ்சார். அவரைப் பத்திச் சொல்லட்டுமா?” அவள் உட்கார்ந்தாள். அக்கா சொன்னார். நான் பின்னால் கையில் கட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டாள். பார்த்தீர்களா? நான் மூன்று வருஷம் சொல்லியும் யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. அக்காவை ஒருத்தி கேட்டாள்.

அப்புறம் அவள் ஞானஸ்நானம் எடுத்தாளா என்று இந்தக் கதையை எங்கே சொன்னாலும் கேட்பார்கள். அவளும் அக்காவும் சேர்ந்து ஜெபிக்க ஆரம்பித்தார்கள், அதுவரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் அது அவளுடைய கதை. ரேடியோவில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கைப்பிரதி கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை வாங்கி வாழ்க்கை மாறினவர்களை எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தை மட்டும் நீட்டுகிற கை சீக்கிரம் களைத்துப்போகும், வாங்குகிற கையும் அப்படித்தான்.

நம்முடைய சரித்திரத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆண்களுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. இலங்கையில் தமிழ் படித்த ரால்ஃப் ஸ்டாட் என்கிற மெதடிஸ்ட் பாதிரியார் அதற்குப் பிறகுதான் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார். நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா வந்து கியர்ஸ்னியில் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையை ஏற்படுத்தினது 1903இல். பெத்தேஸ்தா என்கிற பெந்தெகொஸ்தே சபை தொடங்கினது 1931இல். இவர்கள் எல்லாருடைய உழைப்பையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் முதல் ஆட்கள் கரும்பு வெட்டினவர்கள்தான். விடியுமுன்னே வயலுக்குப் போகிற ஆளுக்குப் பக்கத்தில் தினமும் பாதிரியார் ஏது, கூட்டம் ஏது? தோட்டத்து லைன் வீட்டில் அடுத்த அறைக்காரர் கண்ணால் பார்த்ததுதான் அவர்களுடைய பிரசங்கம்.

அடுத்த அறை என்றதும் சாட்ஸ்வொர்த் நினைவு வருகிறது. நிறவெறி அரசாங்கம் கேட்டோ மேனரிலிருந்து எங்களை எழுப்பி 1964இல் அங்கே அனுப்பியது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். நாங்கள் ராத்திரி குடும்ப ஜெபம் செய்தால் அடுத்த வீட்டு மாமிக்குக் கேட்கும். அப்பா குடித்துவிட்டு வந்த காலத்தில் அந்தச் சத்தமும் கேட்டது. அப்பா குடியை விட்டதும் மாமிக்குத்தான் முதலில் தெரிந்தது, சத்தம் நின்றுபோனதை வைத்து. ஒரு நாள் கொடியில் துணி காயப்போடும்போது அம்மாவிடம், “உங்க வீட்டுல என்ன ஆச்சு? ஆறு மாசமா அமைதியா இருக்கே” என்று மாமி கேட்டார். மறுபடியும் அதே சொல்தான். கேட்டார்.

இப்போது மனதில் ஒரு பாரத்தோடு ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரல் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 400 பேருக்கு மேல் உயிர் போயிற்று. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற நிலையம் பாழாகி, மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் தங்கை வீடு அங்கேதான். அந்தத் தெருவில் ஜோஜோ டேங்க், அதாவது பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த ஒரு குடும்பம், ஆண்டவரை அறிந்தவர்கள், லாரி வந்து நிரப்பின ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திறந்து வைத்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், மசூதிக்குப் போகிறவர்களும் வந்தார்கள். ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லை. வயதானவர்களுக்கு அந்த வீட்டுப் பையன்களே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேறொரு இடத்தில், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், வாளியோடு வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் பாட்டு, அப்புறம் செய்தி, அப்புறம்தான் தண்ணீர். என் தங்கையோடு போன கிழவி ஒருவர் ஒரு மணி நேரம் வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் தண்ணீர் கேட்டார். தாகத்தோடு வந்தவர்களை அவர் வாசலில் காக்க வைக்கவில்லை. தண்ணீரை விலையாக வைத்துச் சுவிசேஷத்தை விற்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெரிய வெள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாம் ஆலயத்துக்குப் போகிற அதே நேரத்தில் மவுண்ட் எட்ஜ்கோமிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அந்தக் காலத்தில் தோட்ட முதலாளிகள் ஈஸ்டருக்குத்தான் லீவு கொடுத்தார்கள், அதனால் திருவிழாவும் அந்த நாளில் அமைந்தது. ஒரே லீவு, ஒரே ஜனம். அவர்களில் என் பெரியம்மா பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற விசுவாசிகளையும் நான் பார்க்கிறேன். பேதுரு சாந்தத்தோடு என்றார் அல்லவா? அக்கா அந்த மஞ்சள் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்கிறவர் நம்மிடம் வந்து கேட்க வேண்டுமானால், வந்தால் அவமானப்பட மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இதற்கு மறுபக்கமும் உண்டு, இல்லாவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். நல்லவராக வாழ்ந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று சிலர் சௌகரியமாக இருந்துவிடுகிறார்கள். கேட்கும்போது மழுப்புகிறார்கள். “ஏதோ என்னால் முடிஞ்சது” என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். அக்கா நழுவவில்லை. பெயரைச் சொன்னார். அந்த நிமிஷத்தில் இயேசு என்கிற பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால், நன்றி முழுக்க அக்காவுக்கே போயிருக்கும். உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். பெரிய வேதபாடம் தேவையில்லை, இரண்டு நிமிஷம் போதும். படித்த பதில் வேண்டாம், பட்ட பதில் வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம்தானாம். பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் நிறையப் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்கத் தெரியாது, அது என் துக்கம். ஆனால் ஆயாவும் தாத்தாவும் யாரிடம் கோபத்தை விட்டார்கள், யாரை மன்னித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில்தான் முதலில் கேட்கிறார்கள். என் பேத்தி போன மாதம், “ஆயா, அந்த ஆண்ட்டி உங்களை அப்படிப் பேசியும் ஏன் சாப்பாடு கொடுத்தீங்க?” என்று கேட்டாள். கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன். எந்த மொழியில் என்பதெல்லாம் அப்போது பார்க்கவில்லை, அவளுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன்.

நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒன்றே ஒன்று. காலர் அக்காவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இப்போது அவ்வளவாக வெளியே வருவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் அவர் வீட்டில் ரேடியோ ஓடும். அக்கா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? வியாழக்கிழமை வருகிறேன். ரசம் வைத்துக் கொண்டுவருகிறேன், நீங்கள் ஒன்றும் சமைக்க வேண்டாம்.