சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்

நேயர்களுக்கு வணக்கம். கார் வாங்கிய சில மாதங்களிலேயே, பெரிய அலாய் வீல் மாட்டினால் வண்டி எடுப்பாக இருக்குமே என்ற ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்குப் போகும் முன் போட வேண்டிய ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மாருதி ஸ்விஃப்ட்டின் தொடக்க வகைக்கு வரும் டயரில் 165/80 ஆர்14 என்று பொறித்திருக்கும். 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 80 விழுக்காடான 132 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின், விட்டம். ரிம்மோடு மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைச் சேர்த்தால் சக்கரத்தின் முழு உயரம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். ரிம் எத்தனை பெரிதானாலும் இந்த 620 மாறக்கூடாது. உயர் வகைக்கு வரும் 185/65 ஆர்15 இதற்குள் அடங்குகிறது. 195/55 ஆர்16 அளவும் அடங்குகிறது. 185/65 அளவையே 16 அங்குல ரிம்மில் போட்டாலோ உயரம் 647 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்னைவிட 4 விழுக்காடு குறைத்துக் காட்டும்.

முழு உயரம் மாறாமல் ரிம் பெரிதானால், உயரம் குறைவது பக்கச்சுவர்தான். 14-லிருந்து 16-க்குப் போகையில் 132 மில்லிமீட்டர் 107 ஆகிறது. ஓர் அங்குல ரப்பர் போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். மழைநீர் மூடியிருந்த பள்ளம் ஒன்றில் என் 16 அங்குல ரிம்மின் விளிம்பு நசுங்கிக் காற்று இறங்கியது. டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னி பழைய 14 அங்குலத்திலேயே கிடந்தது! முன்சக்கரம் ஒன்று அகலமாகவும் மற்றொன்று ஒல்லியாகவும், ஊர்ந்துதான் வீடு சேர்ந்தேன். இப்போது 15-க்கு இறங்கிவிட்டேன். நம் சாலைகளுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

ரிம்மின் நடுத்துளை, அச்சின் முனையில் சக்கரம் பொருந்தும் ஹப்பைக் கவ்வி உட்கார வேண்டும்; ஸ்விஃப்ட்டுக்கு அது 54.1 மில்லிமீட்டர். துளை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் கேளுங்கள், இல்லையேல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். டயரின் எடைக்குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். மாட்டியபின், பணம் கொடுக்கும் முன், பின் இருக்கையில் மூவரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரு புறமும் கடைசிவரை ஒடித்து, வண்டியை மெல்ல நகர்த்தி, எங்கேனும் உரசுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.