கம்பெனிக்காரன் கையில் கைவிலங்கு கிடையாது, நடுவரே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொங்கல் சாப்பாடு முடித்த பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் சாதாரண மனிதன் அதிகம் அஞ்ச வேண்டியது அரசின் அதிகாரத்துக்கா, பெருநிறுவனங்களின் பணபலத்துக்கா என்பது தலைப்பு. அரசின் அதிகாரத்துக்கே என்பது என் அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, கூகுள் நம் படுக்கையறை வரை வந்துவிட்டது, அமேசான் நம்மை அடிமையாக்கிவிட்டது என்று உருக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்ததும் போனை எடுத்து வீட்டுக்குப் போக ஊபர் தேடிக்கொண்டிருந்தார். பார்த்தேன்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆப்பை இன்று ராத்திரியே நீங்கள் அழித்துவிடலாம். ஏன் அழித்தாய் என்று கேட்டு ஊபர்க்காரர் யாரும் கதவைத் தட்டமாட்டார். வரி வசூலிக்கும் ஐஆர்எஸ்ஸை அப்படி அழித்துப் பாருங்களேன்!

இந்த நாட்டில் லிபர்டேரியன்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. தனிமனிதன் விஷயத்தில் அரசு தலையிடாதே என்பவர்கள். துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேட்காதே என்பதில் குடியரசுக் கட்சிக்காரரோடு நிற்பார்கள். கஞ்சாவுக்கு ஜெயில் எதற்கு என்பதில் ஜனநாயகக் கட்சிக்காரரோடு நிற்பார்கள். அதனால் கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்தியும் சந்தேகமாகப் பார்க்கும் ஆள் மாதிரி அவர்கள் நிலைமை. 1971இல் கட்சி தொடங்கி, 1972 அதிபர் தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் வாங்கியது ஒரே ஒரு வாக்கு. அதுவும் குடியரசுக் கட்சி நிக்சனுக்குப் போட வேண்டிய வர்ஜீனியாக்காரர் ஒருவர் மனம் மாறிப் போட்டது. ஆட்சிக்கு வரப்போகிறவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கேட்கிற கேள்வி லேசானது இல்லை. உன்னைக் கட்டாயப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது?

கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு துறைமுக ஊர். 1997இல் சூசெட் கெலோ என்ற பெண்மணி அங்கே ஆற்றைப் பார்த்த மாதிரி பழைய வீடு ஒன்றை வாங்கினார். செடி கொடியை வெட்டி, சுவரைச் சுரண்டி, ரோஸ் நிறத்தில் பெயின்ட் அடித்தார். மறு வருஷமே ஃபைசர் மருந்து கம்பெனி பக்கத்தில் பெரிய ஆராய்ச்சிக் கூடம் கட்டுவதாக அறிவித்தது. உடனே நகரத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஓட்டல் வரும், அலுவலகங்கள் வரும், வரி கொட்டும். 2000ஆம் ஆண்டு, தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் நாள், கெலோ வீட்டுக் கதவில் கையகப்படுத்தும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. நமக்குத் தீபாவளிக்கு முதல் நாள், பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஜப்தி நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்? அதே தெருக்களில் வில்ஹெல்மினா டெரி என்ற பாட்டி இருந்தார். 1918இல் பிறந்தவர், பிறந்ததே அந்த வீட்டில்தான். அவருக்கும் அதே கதி.

அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம், பொதுப் பயன்பாட்டுக்காக என்றால், அதுவும் நியாயமான விலை கொடுத்தால்தான், நிலத்தை எடுக்கலாம் என்கிறது. பொதுப் பயன்பாடு என்றால் ரோடு, பாலம், பள்ளிக்கூடம் என்றுதானே நாம் நினைப்போம்? 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஊருக்கு வேலையும் வரியும் வரும் என்றால் அதுவும் பொது நோக்கம்தான் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்த நான்கு பேரில் ஒருவரான நீதிபதி ஓ'கானர், அப்படியானால் எந்த வீட்டையும் இடித்து ஷாப்பிங் மால் கட்டலாமே என்று கேட்டார். பதில் இல்லை.

இதில் ஃபைசரும் இருக்கிறதே என்று எதிரணி எழுந்திருக்கும். இருக்கிறது, நடுவரே! அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு கம்பெனி, பாட்டியின் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும், ‘போய்யா’ என்று கதவைச் சாத்திவிடலாம். நகராட்சி தன் கோலை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் பாட்டியால் கதவைச் சாத்த முடியவில்லை. கோல் பிடித்தவன் கேட்பதும் வேல் பிடித்தவன் கேட்பதும் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம்.

இன்னொரு பாட்டி, மினியாபொலிஸ். ஜெரால்டின் டைலர். அவர் வீட்டுக்குச் சொத்து வரி பாக்கி சுமார் 2,300 டாலர். அபராதம், வட்டி எல்லாம் ஏறி 15,000 ஆயிற்று. கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வீட்டை 40,000க்கு விற்றது. சரி, கடனை எடுத்துக்கொண்டு மிச்சம் 25,000 கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்கவில்லை. அதையும் வைத்துக்கொண்டது. நம் ஊர் அடகுக் கடையில் நகை ஏலம் போனால்கூட மிச்சத்தைக் கேட்டுச் சண்டை போடலாம். உச்ச நீதிமன்றம் 2023இல் ஒன்பது பேரும் ஒரே குரலில் இது தப்பு என்றார்கள். அப்போது பாட்டிக்கு வயது 94.

இந்த டெக்சாஸுக்கே வருகிறேன். இங்கே இருக்கும் பெண்கள் எத்தனை பேர் பொங்கலுக்காகப் புருவம் திருத்திக்கொண்டு வந்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், தெரிகிறது. த்ரெடிங் என்பது என்ன? ஒரு நூல்கண்டு, இரண்டு கை, சில பேருக்குப் பல்லும் உதவும். கத்தி இல்லை, ரசாயனம் இல்லை. இந்த வேலைக்கு 750 மணி நேரம் அழகுக்கலைப் பயிற்சி முடித்து லைசன்ஸ் வாங்கு என்றது இந்த மாநிலம். அதில் 320 மணி நேரத்துப் பாடத்துக்கும் த்ரெடிங்குக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பட்டேல் என்ற பெயரிலேயே, வழக்குப் போட்டு 2015இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று ஜெயித்தார்கள். லூசியானாவில் மடத்துத் துறவிகள் மரச் சவப்பெட்டி செய்து விற்றதற்கும் இதே கதை. தடுத்த வாரியத்தில் பெரும்பாலும் யார்? சவ அடக்கத் தொழில் நடத்துபவர்கள்! போட்டிக்காரனை ஒழிக்க வியாபாரிக்கு ஆசை இருக்கலாம். அபராதச் சீட்டுப் புத்தகம் இருப்பது அரசிடம்தான்.

எதிரணித் தலைவர் வலுவாக ஒன்று கேட்டார். கறுப்பின மக்களுக்கு நீதி கொடுத்தது மத்திய அரசின் அதிகாரம்தானே, 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குப் பிள்ளைகளை ராணுவம்தானே கூட்டிக்கொண்டு போனது என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தடுத்து முதலில் காவலர் படையை நிறுத்தியது யார்? ஆர்கன்சா ஆளுநர்! அவரும் அரசுதானே? இன்னும் பின்னால் போங்கள். ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்று லூசியானா 1890இல் சட்டம் போட்டபோது, ரயில் கம்பெனிக்கே அது பிடிக்கவில்லை. பெரிய மனசு ஒன்றும் இல்லை, கூடுதல் பெட்டிக்கு யார் செலவு செய்வது என்ற கவலை. ஹோமர் பிளெஸ்ஸி அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போனார். 1896இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. கம்பெனியின் கஞ்சத்தனம்கூட அன்றைக்கு அரசின் சட்டத்தைவிட நல்லதாக இருந்தது. அதற்காக, தனியார் ஓட்டல்காரர்கள் தாங்களாகவே கறுப்பருக்குச் சோறு போட மறுத்ததையும், அதற்கு 1964இல் சட்டம் தேவைப்பட்டதையும் நான் மறைக்கவில்லை. அந்த இடத்தில் லிபர்டேரியன்களின் வாதம் எனக்கே தொண்டையில் சிக்குகிறது. அந்த ஒரு மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள், நடுவரே.

அப்புறம், கூகுள் நம்மைக் கவனிக்கிறது என்ற பயம். அரசின் உளவு ரகசியங்களை 2013இல் ஸ்னோடன் வெளியிட்டாரே, அதில் இருந்தது என்ன? யார் யாரோடு, எப்போது, எத்தனை நிமிடம் பேசினார்கள் என்ற கணக்கை, கோடிக்கணக்கானவர்களுக்கு, ரகசிய நீதிமன்ற உத்தரவைக் காட்டி அரசு வாங்கியது. வெரைசன் போன் கம்பெனியிடம் அந்தக் கணக்கு இருந்தவரை அது பில். அரசு கைக்குப் போனதும் அது உளவு. புஷ் காலத்தில் கத்தியவர்கள் ஒபாமா காலத்தில் தூங்கினார்கள், ஒபாமா காலத்தில் கத்தியவர்கள் அடுத்தவர் காலத்தில் தூங்கினார்கள். ஈரான் விவகாரத்தில் 1979 நவம்பரில் அதிபர் கார்ட்டர், அதிபருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் தேசிய நெருக்கடி நிலை ஒன்றை அறிவித்தார். அதை வருஷா வருஷம், எந்தக் கட்சி அதிபரானாலும், புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்குப் பேரன் எடுக்கும் வயதாகிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம், நியூ லண்டன் கதையை முடித்துவிடுகிறேன்.

கெலோவின் ரோஸ் நிற வீட்டைக் கழற்றி ஊருக்குள் வேறோர் இடத்தில் நிறுத்தினார்கள். டெரி பாட்டி 2006இல் இறந்துபோனார். 2009இல் ஃபைசர் நியூ லண்டனை விட்டுப் போவதாக அறிவித்தது. வரவேண்டிய ஓட்டல் வரவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் புல் வளர்ந்தது, தெருப் பூனைகள் குடி வந்தன. 2011இல் ஐரீன் புயல் அடித்தபோது, முறிந்த மரக்கிளைகளை எங்கே கொட்டுவது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நகராட்சி இடம் காட்டியது. அந்த இடம்தான், நடுவரே.

நன்றி, வணக்கம்.