ஜோர்ஜ் ஹரிசனின் பம்பாய் ஒலிநாடாக்கள்

வணக்கம் நேயர்களே.

பெயர்பெற்ற ஒரு குழுவிலிருந்து வந்த கலைஞர் தனித்துச் செய்த ஆரம்பகால இசைத்தட்டுகளை மறுபடியும் வெளியிடுவது தகுமா என்பதுதான் இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். அதனால் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் நால்வரில் வயதில் இளையவரான ஜோர்ஜ் ஹரிசன்.

பீட்டில்ஸ் 1970இல் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று தட்டுகளாக வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' உலகமெங்கும் விற்றது. ஹரிசனின் தனிப் பயணத்தை அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறவர்களே அதிகம். ஆனால் குழுவில் இருந்துகொண்டே அவர் இரண்டு தட்டுகளைத் தன் பெயரில் வெளியிட்டிருந்தார். 1968 நவம்பரில் 'வொண்டர்வோல் மியூசிக்', 1969 மே மாதத்தில் 'இலெக்ட்ரோனிக் சவுண்ட்'. இரண்டிலும் ஹரிசன் பாடிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பீட்டில்ஸ் பாட்டை எதிர்பார்த்து வாங்கியவர்கள் கைவிட்டது இதனால்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது தட்டு மறுபடியும் வர வேண்டும், இந்த முறை அதன் பம்பாய் ஒலிப்பதிவுகள் முழுமையாக வர வேண்டும். இரண்டாவது தட்டுக்குத் தனியாக ஒரு வெளியீடு தேவையில்லை.

'வொண்டர்வோல்' என்பது ஜோ மசோட் இயக்கிய ஆங்கிலத் திரைப்படம். 1968 மே மாதம் கான் விழாவில் முதலில் காட்டப்பட்டது. அதற்கு இசையமைக்க ஹரிசனை அழைத்தபோது, நீங்கள் எதைத் தந்தாலும் அப்படியே படத்தில் வைப்பேன் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார். ஒரு கைக்கடிகாரத்தைப் போலச் சாவி கொடுக்கும் நேரங்காட்டியை வைத்துக்கொண்டு, காட்சிக்குக் காட்சி எத்தனை விநாடி என்று ஹரிசன் அளந்தார். பிறகு பாதி வேலையை லண்டனிலும் மீதியைப் பம்பாயிலும் செய்தார்.

பம்பாய்க்குப் போனது 1968 ஜனவரியில். அங்கே எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் கலையகம். ஸ்டீரியோவில் பதிய ஏற்ற இயந்திரம் அங்கு இல்லை. அந்த நிறுவனத்தில் அப்போது பொறுப்பில் இருந்த பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து இரண்டு தடங்கள் கொண்ட ஒரு பதிவு இயந்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். இந்த மேனன்தான் சில வருடங்களில் அமெரிக்காவின் கெப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்துக்கே தலைவரானவர். கலையகத்தின் சுவர்கள் வெளிச்சத்தத்தைத் தடுக்கவில்லை. கவனித்துக் கேட்டால் சில பதிவுகளில் வீதியில் போகும் டக்சிகளின் ஓசை கேட்கும் என்று ஹரிசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ஓசை பிடிக்கும். அந்த அறை எங்கே இருந்தது, வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அது சொல்கிறது. மறுவெளியீடு செய்பவர்கள் கணினியை வைத்து அதைத் துடைத்தெடுத்துவிடக் கூடாது.

அந்த அறையில் வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள். தந்தி வாத்தியமான சரோத் வாசித்தவர் ஆஷிஷ் கான். சரோத் மேதை மைஹர் அலாவுதீன் கானின் பேரன், அலி அக்பர் கானின் மகன். சந்தூர் வாசித்தவர் ஷிவ்குமார் சர்மா. காஷ்மீரில் நாட்டார் வாத்தியமாக இருந்த சந்தூரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மனிதர், 2022இல் காலமானார். தபேலாவும் பக்கவாஜ் என்ற மத்தளமும் மகாபுருஷ் மிஸ்ரா. சித்தாரில் ஷம்பு தாஸ். தார் ஷெனாய் என்ற அபூர்வமான வாத்தியத்தில் விநாயக் வோரா. எஸ்ராஜ் என்ற வில் வாத்தியத்தோடு பழைய கிராமபோன் குழலைப் போன்ற ஒன்றைப் பொருத்தினால் வருவது அது. வில்லால் இழுக்கும்போது ஷெனாய் ஊதுகிற மாதிரிக் கேட்கும். 'கிரையிங்' என்று பெயரிட்ட துண்டில் அது அழுகிறது, வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துண்டு ஹரிசனின் மனதை விட்டுப் போகவே இல்லை. 1981இல் வெளியிட்ட தன் இன்னொரு பாடலின் முடிவில் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சேர்த்தார்.

'கத் கிர்வானி' என்று ஒரு சிறு துண்டு இருக்கிறது. நமது மலைநாட்டு ஹட்டனில் இசை பயிலும் பிள்ளைகள் சிலருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். யாருடைய இசை என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை உடனே, "இது கீரவாணி இல்லையா சேர்?" என்றது. ஆம், நம்முடைய கீரவாணியேதான். கர்நாடக இசையின் தாய் இராகங்களான மேளகர்த்தா வரிசையில் 21ஆவது இராகம். கர்நாடக இசையிலிருந்து வடக்கே போய் இந்துஸ்தானியில் இடம்பிடித்த இராகங்களில் ஒன்று. மேற்கத்தேய இசையில் ஹார்மொனிக் மைனர் என்று சொல்லும் சுர வரிசையும் இதுவே. ஹரிசன் என்ற லிவர்பூல்காரர் தனக்குப் பழக்கமான சுரங்களைக் கொண்ட இராகத்தின் வழியாக இந்திய இசைக்குள் நுழைய முடிந்தது. நமது பிள்ளை அதே கதவைப் பின்பக்கமிருந்து திறந்துகொண்டு வந்தது. தட்டின் பெயரையே கேள்விப்படாத ஒரு பிள்ளைக்கு அதில் ஏற்கெனவே உரிமை இருக்கிறது.

இதே பம்பாய் நாட்களில்தான் 'தி இன்னர் லைட்' பாடலின் பின்னணி இசையும் பதிவானது. 1968 மார்ச்சில் 'லேடி மடோனா' சிறுதட்டின் மறுபக்கத்தில் பீட்டில்ஸ் பெயரில் அது வந்தது. ஆக, ஒரே கலையகம், ஒரே வாத்தியக்காரர்கள். ஒரு பகுதி உலகப் புகழ்பெற்ற குழுவின் தட்டிலும் மறுபகுதி யாரும் சீந்தாத தட்டிலும் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தட்டின் உறை. 1967இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' தட்டில் 'விதின் யூ விதவுட் யூ' என்ற ஹரிசனின் பாடல் இருக்கிறது. லண்டனில் வாழ்ந்த இந்திய வாத்தியக்காரர்கள் தில்ரூபா என்ற வில் வாத்தியமும் தபேலாவும் வாசித்தார்கள். உறையில் அவர்களின் பெயர் இல்லை. அடுத்த வருடம் சொந்தத் தட்டு வந்தபோது, ஹரிசன் பம்பாய்க் கலைஞர்களை ஒவ்வொருவராகப் பெயரும் வாத்தியமும் போட்டு அச்சிட்டார். அதே தட்டில் கிட்டார் வாசித்த எரிக் கிளப்டன் போன்ற பெரிய நண்பரே தன் சொந்தப் பெயரில் அதில் இடம்பெறவில்லை. இருபத்தைந்து வயதில் அப்படி ஒரு காரியத்தைச் செய்தவரை நான் வணங்குகிறேன்.

அப்படியிருக்க மறுவெளியீடுகள் என்ன செய்தன? 1992இல் இறுவட்டாக வந்தது. 2014இல் அவருடைய 1968 முதல் 1975 வரையான தட்டுகளை ஒரே பெட்டியில் போட்டபோது இதுவும் ஒலி செம்மை செய்யப்பட்டு வந்தது. கூடுதலாக மூன்று பதிவுகள். அதில் 'தி இன்னர் லைட்' இசையின் மாற்றுப் பதிவு ஒன்றும், 'ஆல்மோஸ்ட் சங்கரா' என்று சங்கரா இராகத்தை ஒட்டிய ஒரு பதிவும் உண்டு. 'ஆல்மோஸ்ட் சங்கரா' படத்திலும் வராதது, பழைய தட்டிலும் இல்லாதது. இத்தனை வருடம் அது எங்கே இருந்தது? நாடாவில்தான். இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொத்தம் 19 துண்டுகள், பெரும்பாலானவை ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சிக்காக அளந்து வெட்டிய இசை, காட்சி இல்லாமல் கேட்கும்போது சில இடங்களில் நொண்டுகிறது. லண்டனில் பதிவுசெய்த 'கவ்போய் மியூசிக்', 'பார்ட்டி சீக்கொம்' போன்றவற்றை நான் இரண்டாம் முறை கேட்க மாட்டேன். ஆனால் அங்கேயும் 'ட்ரீம் சீன்' என்று ஒன்று இருக்கிறது. இந்தியக் குரல்களும் நாடாவைப் பின்னோக்கி ஓட்டிய ஒலிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அதே நவம்பர் மாதம் பீட்டில்ஸின் வெள்ளை உறை இரட்டைத்தட்டில் ஜோன் லெனனின் 'ரெவலூஷன் 9' வெளியாகி அத்தனை சர்ச்சை கிளப்பியது. ஹரிசன் அந்த வழியில் முன்பே நடந்துபார்த்திருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

'இலெக்ட்ரோனிக் சவுண்ட்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் மோக் சின்தசைசர் அப்போது புத்தம் புதுக் கருவி. ஹரிசன் ஒன்றை வாங்கினார். அதன் ஒலிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பதிவுகளில் அடக்கி, பீட்டில்ஸின் சொந்த இசைத்தட்டு நிறுவனமான அப்பிளின் சாப்பிள் என்ற கிளையில் வெளியிட்டார். இரண்டே தட்டுகளோடு மூடப்பட்ட கிளை அது. ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும். அதைப் பற்றி பெர்னி க்ரவுஸ் என்ற மோக் கலைஞர் வெளிப்படையாகவே சொன்னார்: கலிபோர்னியாவில் நான் ஹரிசனுக்குக் கருவியை இயக்கிக் காட்டியபோது அது பதிவானது, என்னைக் கேட்காமல் வெளியிட்டுவிட்டார்கள் என்று. தட்டில் அவருடைய உதவியுடன் பதிவானது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. பம்பாய்க் கலைஞர்கள் விடயத்தில் அத்தனை நேர்மையாக நடந்த ஒருவர் இங்கே இப்படிச் செய்தது எனக்கு மனவருத்தம். இந்தப் பதிவு இனி வருமானால் க்ரவுஸின் பெயர் ஹரிசனின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். அந்த மோக் கருவியின் உண்மையான பலனை வேறு இடத்தில் கேட்கலாம். 1969இல் வந்த 'அபே ரோட்' தட்டில் 'ஹியர் கம்ஸ் த சன்' பாடலில் அது பொன்னாக ஒலிக்கிறது. 'இலெக்ட்ரோனிக் சவுண்ட்' அதற்கான பயிற்சிக் கொப்பி. ஆய்வாளருக்குப் பயன்படும், தனி வெளியீடு தேவையில்லை.

இனி, மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒரு நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வாசித்தவனின் பெயர் இல்லாமல் இசை மட்டும் மிஞ்சுவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந் தோட்டமாகத் தேடித் திரட்டிய நாட்டார் பாடல்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் அவற்றை முதலில் பாடிய பெண்கள் யாரென்று நமக்குத் தெரியாது. மாசியில் காமன் கூத்து ஆடும்போது விடிய விடியத் தப்பு அடித்தவர்களை யாராவது கசெட்டில் பதிந்திருப்பார்கள். அந்தக் கசெட்டின் மேல் தோட்டத்தின் பெயர் இருக்கும், வருடம் இருக்கும். அடித்தவரின் பெயர் இருக்காது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிடும். கேட்டுப் பெயர் சொல்லக்கூடிய வயதானவர்களும் குறைந்துவருகிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு கசெட் இருந்தால், இந்த வாரமே எடுத்து வீட்டில் மூத்தவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். அடிப்பது யார், பாடுவது யார் என்று கேட்டு உறையில் எழுதிவையுங்கள்.

பம்பாய் நாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு வசதி உண்டு. 1968இலேயே பெயர்களும் அச்சாகிவிட்டன. செய்ய வேண்டியது அதிகமில்லை. அந்த ஜனவரியில் பதிவான அனைத்தையும் வரிசையாக வெளியிடட்டும். எந்தப் பதிவில் எவர் வாசித்தார், என்ன இராகம், என்ன தாளம் என்று அந்த இசை தெரிந்த ஒருவரைக்கொண்டு எழுதுவிக்கட்டும். ஷிவ்குமார் சர்மாவும் மகாபுருஷ் மிஸ்ராவும் எப்படிப்பட்ட கலைஞர்கள் என்று ஹரிசனைப் பற்றி எழுதுகிற அதே விரிவோடு எழுதட்டும். அவர்களின் படங்களும் உறையில் வரட்டும்.

விலையையும் சொல்லாமல் விட முடியாது. இப்படிப்பட்ட பெட்டித் தொகுப்புகள் பெரிய பணம் உள்ள சேகரிப்பாளர்களுக்காகவே செய்யப்படுகின்றன. மலையில் பல நாள் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட்டாலும் ஒரு பெட்டி வாங்க முடியாது. ஹட்டனில் கீரவாணியை அடையாளம் கண்ட அந்தப் பிள்ளைக்கு இது போய்ச் சேர வேண்டுமென்றால், முழுத் தொகுப்பும் அதன் குறிப்புகளும் கைபேசியில் கேட்கவும் வாசிக்கவும் கிடைக்க வேண்டும். இப்போது இணையத்தில் இசையைக் கேட்கலாம், வாசித்தவர்களைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் கூட வருவதில்லை. உறையில் ஹரிசன் அச்சிட்டுக் கொடுத்ததைக்கூட நாம் இழந்துவிட்டோம்.

தயாரிப்பாளர் 'கத் கிர்வானி'யை எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றேகால் நிமிடந்தான், முடிந்தால் இரண்டு முறை ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை இராகத்தைக் கேளுங்கள். இரண்டாம் முறை சரோத்தும் தபேலாவும் ஒன்றையொன்று எப்படித் துரத்துகின்றன என்று கேளுங்கள். சரோத், ஆஷிஷ் கான். தபேலா, மகாபுருஷ் மிஸ்ரா. ஒலிப்பதிவு, பம்பாய், 1968 ஜனவரி.

வணக்கம்.