விருது வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு டிசம்பர் மாதத்துச் சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக வேலை பார்த்த காலம். சாகித்திய அகாதெமி விருதுகளைப் பெரும்பாலும் டிசம்பரில்தான் அறிவிப்பார்கள். டெல்லியிலிருந்து பட்டியல் வந்ததும் 24 மொழிகளுக்கு நடுவே நம் கண் தமிழ் என்ற வரியைத்தான் தேடும். பெயர் தெரிந்தவுடன் செய்திப் பிரிவு பரபரப்பாகிவிடும். ஒருவர் பழைய புகைப்படத்தைத் தேடுவார். இன்னொருவர் எழுத்தாளரின் செல்பேசி எண்ணுக்காக நாலு பேரைக் கூப்பிடுவார். அந்த வருடம் எழுத்தாளரைப் பற்றிய பெட்டிச் செய்தி என் பொறுப்பில் வந்தது. 300 வார்த்தை. ஆறரை மணிக்குள் பக்கம் முடிய வேண்டும்.

எழுத்தாளரின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். விருது பெற்ற புத்தகத்தை நான் படித்திருக்கவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் அது இல்லை. கடைசியில், புத்தகக் கடை வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பின்னட்டையில் இருந்ததைத் தொலைபேசியில் வாசிக்க வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். அதைக் கொஞ்சம் மாற்றி, முன்னே பின்னே இரண்டு வரி சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் எழுத்தாளரே கூப்பிட்டார். "நல்லா எழுதியிருந்தீங்க, ரொம்ப நன்றி" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

பொங்கல் கழித்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அதன் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை என்னுடைய 300 வார்த்தை தொடக்கூட இல்லை. வருடங்கள் போய்விட்டன. அந்த மனிதர் சொன்ன நன்றி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வருடத்தில் நடக்கும் விழாக்கள், விருதுகள் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, இந்த நினைவுதான் முதலில் வந்தது. அதனால் எந்த மாதத்தில் என்ன விழா என்று வரிசையாகச் சொல்லப் போவதில்லை. விருது எப்போது வந்து சேர்கிறது, யாருக்கு நேரத்துக்கு வருகிறது, யாருக்கு நேரம் கடந்து வருகிறது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

நம் வருடம் சென்னைப் புத்தகக் காட்சியோடு தொடங்கிவிடும். 1977-இல் அண்ணா சாலையில் மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளோடு ஆரம்பித்தது. இன்றைக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நுழைந்தால், ஒரே நாளில் சுற்றி முடிக்கக் கால் ஒத்துழைக்காது. அந்தக் காட்சியின் மேடையில்தான், அதை நடத்துகிற பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி பொற்கிழி விருதுகளைத் தருகிறது. 2007-இல் மு. கருணாநிதி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்த ஒரு கோடி ரூபாயின் வட்டியிலிருந்து வருகிற விருது அது. அப்புறம் நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு, இப்போது அரசு உதவியோடு மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா. சாயங்காலம் பேச்சு, ஓரத்தில் மிளகாய் பஜ்ஜிக் கடை, பிள்ளைகள் கையில் பத்து சதவீதக் கழிவில் வாங்கிய புத்தகம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சரி, அகாதெமி விருதுக்கு வருகிறேன். அதன் விதி ஒன்று பலருக்குத் தெரியாது. ஓர் ஆண்டின் விருதுக்கு, அதற்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு, அதற்கும் முன்னால் உள்ள ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பாக வந்த நூல்களைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 2023-ஆம் ஆண்டு விருது என்றால் 2017 முதல் 2021 வரை வந்த புத்தகங்கள். படித்துப் பார்க்க, அலசிப் பார்க்க நடுவர்களுக்கு நேரம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனாலும் புத்தகம் வெளியாகிக் குறைந்தது இரண்டு ஆண்டு கழித்துத்தான் விருது வர முடியும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதற்குமேல் நம்முடைய தயக்கங்கள், சாய்வுகள், மறதிகள் எல்லாம் சேர்ந்து இன்னும் சில ஆண்டுகளைத் தின்றுவிடுகின்றன.

பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1969-இல் 'பிசிராந்தையா'ருக்காகப் பாரதிதாசனுக்கு விருது. அவர் மறைந்தது 1964-இல். 1970-இல் கு. அழகிரிசாமிக்கு. அந்த வருடம் ஜூலையிலேயே அவர் போய்விட்டார். வயது 46. ஆதவன் 1987-இல் சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்த வருட விருது அவருடைய 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்குக் கிடைத்தது.

இவர்களில் சி.சு. செல்லப்பாவை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ரொம்பக் கனத்துப்போகும். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். தமிழில் புதுக்கவிதைக்கும் விமரிசனத்துக்கும் அந்தச் சின்னப் பத்திரிகை செய்ததை இங்கே விரித்துச் சொல்ல நேரம் போதாது. அச்சடித்த புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர் அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு விருது வந்தது 2001-இல்.

அகாதெமி தருகிற, சத்யஜித் ராய் வடிவமைத்த செப்புப் பட்டயமும் பணமுடிப்பும் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் பையைத் தூக்கிய கை அப்போது இல்லை. மூன்று பாகம் அச்சாகி வீட்டில் வந்து இறங்கியபோது, அதில் பாதிப் பணம் கையில் இருந்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதக் கடைக்குப் பாக்கி வைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நேரத்துக்கு வந்த விருதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக அகாதெமி 2011-இல் யுவ புரஸ்கார் தரத் தொடங்கியது. 2012-இல் அது 'தூப்புக்காரி' நாவலுக்காகக் குமரி மாவட்டத்து மலர்வதிக்குக் கிடைத்தது. துப்புரவுப் பணி செய்கிற பெண்ணின் வாழ்க்கையை அதன் நாற்றத்தோடும் நேசத்தோடும் எழுதிய நாவல். விருதுச் செய்தியைப் பார்த்துத்தான் பல பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள், நான் உட்பட. எழுதுவதற்கு இன்னும் ஆயுள் முழுக்க இருக்கிற ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது அந்த விருது.

டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசகர்கள் சேர்ந்து 2010 முதல் நடத்துகிறார்கள். முதல் விருது ஆ. மாதவனுக்கு. 2013-இல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப்புக்கு. எனக்குப் பிடித்தது அந்த விழாவின் நடைமுறைதான். விருது வாங்குபவரின் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்த வாசகர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மேடை, பொன்னாடை எல்லாம். வழக்கமான பாராட்டு விழாக்களில் எட்டுப் பேர் வாழ்த்துரை சொல்லி முடிக்க ஒன்பது மணி ஆகும், ஏற்புரைக்குப் பத்து நிமிடம் மிஞ்சும், அதற்குள் பாதி நாற்காலி காலியாகிவிடும். அப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் கோவை நடைமுறையின் அருமை எனக்குத் தெரிகிறது.

இனிப் பத்திரிகையாளர்கள் பக்கம். மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். நவம்பர் 16 இந்தியாவின் தேசியப் பத்திரிகை நாள், 1966-இல் பிரஸ் கவுன்சில் செயல்படத் தொடங்கிய தேதி. தமிழ்நாடு அரசும் மூத்த இதழாளர்களுக்குக் கலைஞர் எழுதுகோல் விருது என்று 5 லட்சம் ரூபாய் தருகிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பத்திரிகையாளருக்கு விருது என்பது சில சமயம் பாராட்டைத் தாண்டி வேறொரு வேலையும் செய்யும்.

இலங்கைப் பத்திரிகையாளர் ஜெ.எஸ். திசைநாயகத்தின் கதை பலருக்கு நினைவிருக்கலாம். தமிழர். ஆங்கிலத்தில் எழுதியவர். 2008 மார்ச்சில் கைது செய்தார்கள். தான் நடத்திய மாத இதழில் 2006-இல் எழுதியவற்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2009 ஆகஸ்ட் 31-இல் 20 ஆண்டு கடூழியச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அவர் சிறையில் இருந்த அதே 2009-இல்தான் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு என்ற அமெரிக்க அமைப்பு தன்னுடைய சர்வதேச விருதை அவருக்கு அறிவித்தது. பீட்டர் மேக்லர் பெயரிலான விருதும் முதன்முதலில் அவருக்கே போனது. விருது வாங்க வேண்டியவர் சிறைக்குள். அவர் பெயரை உலகம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. மே மாதம் 3-ஆம் தேதி, பத்திரிகைச் சுதந்திர நாளன்றே, அவருக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார்கள். விருதால் மட்டும்தான் வெளியே வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவரின் பெயர் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு விருதால் முடிகிறது.

அதே 2009-இல் யுனெஸ்கோவின் கிய்யெர்மோ கானோ பத்திரிகைச் சுதந்திர விருது கொழும்பின் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவுக்குக் கிடைத்தது. அவரை ஜனவரி 8-ஆம் தேதியே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த விருதின் பெயரில் இருக்கும் கானோவும் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர்தான். கொலம்பியாவில், 1986-இல், தன் பத்திரிகை அலுவலக வாசலில்.

எழுத்தாளர், பத்திரிகையாளர் என்று நாம் பிரித்துச் சொல்கிறோம். கோடு அவ்வளவு கெட்டியானதில்லை. 2025 மே மாதம் சர்வதேசப் புக்கர் பரிசு வாங்கிய கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக், 'லங்கேஷ் பத்ரிகே'யில் நிருபராக இருந்தவர். பரிசு பெற்ற 'ஹார்ட் லாம்ப்' தொகுப்பில் இருப்பவை 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகள். முப்பது வருடத்துக்கும் மேலான உழைப்பு. பரிசுப் பணத்தில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்திக்கு. மொழிபெயர்த்தவரையும் மேடையில் சமமாக நிறுத்துகிற அந்த ஏற்பாட்டை நம் ஊர்ப் பரிசுகளும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். 2007-இல் மகசேசே விருது பெற்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத்தும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்தான். நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் கிராமம் கிராமமாக நடந்து எழுதினார். அதில் நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு.

அந்த மாதிரி மாவட்டங்களில் பகுதிநேர நிருபர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. பெயர் போட்டு வருவது அபூர்வம். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். கண்மாய் ஆக்கிரமிப்புகளைப் பற்றி இருபது வருடம் செய்தி அனுப்பியவர். அவர் ஊர் வாசகர் வட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில், அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. நான் போயிருந்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு விவசாயி எழுந்து, பையிலிருந்து பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்க கண்மாய்ல மடை திறந்தாங்க" என்றார். செய்தியில் நிருபர் பெயர் இல்லை. எழுதியவர் யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அத்தனை வருடமும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நிருபர் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அந்தத் துண்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். விருதுப் பட்டியல் எதிலும் வராத தமிழ்ப் புத்தகம் ஒன்றை மாதம் ஒன்றாகப் படிக்கிறேன். படித்து முடித்ததும் எழுதியவருக்கு ஒரு கடிதம். போன வருடம் தஞ்சைப் பக்கத்துச் சிறுகதை எழுத்தாளர் ஒரு அம்மாவுக்கு எழுதினேன். வயது எழுபதுக்கு மேல். ஒரே ஒரு தொகுப்பு. நாலாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்தப் புத்தகம் வந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க. எந்தக் கதையைச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

மாமியாரின் மூக்குக்கண்ணாடியை மருமகள் துடைத்துக் கொடுக்கிற கதை என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நான் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் வாசித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று நினைத்து, "அம்மா, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன். இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

நன்றி. வணக்கம்.