கம்பெனி வெப்சைட்டில் காட்டும் பசுமையை எப்படிச் சரிபார்ப்பது?

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நீலகிரியில் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட்டதாக ஒரு பெரிய கம்பெனி வெப்சைட்டில் படம் போட்டிருக்கிறது. நம்பலாமா?"

படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. அதே வெப்சைட்டில் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணிகளுக்கான பக்கத்தைத் தேடுங்கள். 2013 கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களை வெப்சைட்டில் போட்டே ஆக வேண்டும். நீங்கள் பார்த்த திட்டம் அங்கே இல்லையென்றால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

சிஎஸ்ஆர் பணத்தில் கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ கட்டியிருந்தால், ஆண்டறிக்கையில் முகவரியும் பின்கோடும் இருக்கும். நம் மாவட்டம் என்றால் 643-இல் தொடங்கும். நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

மரக்கன்று விஷயம் அப்படியில்லை. இங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை கன்று என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என்ன மரம், எந்த இடம் என்பதைச் சொல்வதில்லை. நம் மலை சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தது. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தரிசு நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். புல்வெளியில் நாட்டு மரம் நட்டாலும் கெடுதல்தான். வெறும் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

அப்புறம், பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 முதல், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நீடித்த வளர்ச்சி அறிக்கையும் தர வேண்டும். தண்ணீர், கழிவு, கரியமில வாயு எல்லாம் அதில் வரும். உயிர்க்கோளக் காப்பகம் போன்ற இடங்களில் அனுமதி பெற்று நடத்தும் தொழில்களையும் சொல்ல வேண்டும். நீலகிரி 1986-லிருந்தே உயிர்க்கோளக் காப்பகம் என்பதால் நமக்கு அது முக்கியமான பக்கம்.

பொருளின் மேல் ஆதாரமில்லாமல் 'இயற்கைக்கு உகந்தது' என்று போட்டிருந்தால், 2024-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளின்படி அது தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் தரலாம்.

பிஆர்எஸ்ஆர் அறிக்கையின் தொடக்கத்திலேயே, சந்தேகம் கேட்க வேண்டியவரின் போன் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்திருப்பார்கள். என்ன மரம், எந்த இடம், சோலையா புல்வெளியா, நட்ட பிறகு யார் பராமரிக்கிறார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்.