காகம் தொலைத்த மாணிக்கம்

(காட்சி: யாங்கோன், காலை. மாடி வீட்டு பால்கனிச் சுவரில் ஒரு பிடி சோறு. காகம் வந்து உட்காருகிறது.)

வணக்கம். அமாவாசையன்று அம்மா காகத்துக்குச் சோறு வைக்கும்போதெல்லாம், பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி ஒன்று சொல்வார்: "இது வெள்ளையாக இருந்த பறவை. ஒரு மாணிக்கத்தைத் தொலைத்துத்தான் கறுத்துப் போச்சு."

அந்தக் கதை இதுதான். நாக இளவரசி ஒருத்தியைச் சூரிய தேவன் காதலித்தான். பிறகு வானத்துக்குத் திரும்பிவிட்டான். அவள் மூன்று முட்டைகளோடு காத்திருந்தாள். வெள்ளைக் காகத்தைத் தூது அனுப்பினாள். சூரியன் பெரிய மாணிக்கம் ஒன்றைத் துணியில் முடிந்து காகத்திடம் கொடுத்தான். வழியில் வணிகர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிச்சை மரக்கிளையில் வைத்துவிட்டு எச்சில் சோற்றுக்குப் போனது காகம். அந்த இடைவெளியில் ஒருவன் கல்லை எடுத்துக்கொண்டு, காய்ந்த எச்சத்தை வைத்து முடிந்துவிட்டான்.

இளவரசி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். மனம் உடைந்து, முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். சூரியன் காகத்தைக் கறுப்பாக்கினான். மழை வெள்ளம் முட்டைகளை அடித்துச் சென்றது. ஒன்று பர்மாவின் மொகோக் என்ற ஊரில் பாறையில் மோதி உடைந்தது. உள்ளே இருந்து கொட்டியது அத்தனையும் மாணிக்கம்.

(காட்சி: நவரத்தின மோதிரம், நெருக்கத்தில்.)

சரி, இதில் நமக்கு எது புதிது? நவரத்தினத்தில் மாணிக்கம் சூரியனுக்கு உரியது, அதனால் மோதிரத்தின் நடுவில் இருக்கும். பர்மியர்களின் நவரத்தின மோதிரத்திலும் நடுக்கல் அதுவேதான். நம் பாட்டிமார் சொன்ன நாகமோ இரவில் மாணிக்கத்தைக் கக்கி வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் இரை தேடும். கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இந்தக் கல்லுக்குச் சூரியனும் பாம்பும்தான் சொந்தம். எனக்கு இது எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத விஷயம்.

பழைய பர்மியப் போர்வீரர்கள் தோலைக் கீறி மாணிக்கத்தை உள்ளே பதித்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். அணிந்தால் போதாது, உடம்போடு சேர்ந்தால்தான் ஆயுதம் அண்டாது என்று நம்பிக்கை.

(காட்சி: பித்தளைத் தட்டில் ஒரு சின்னக் கல். வெயிலில் தட்டு நகர்கிறது.)

இப்போது கல்லைப் பாருங்கள். நிழலில் வெறும் சிவப்பு. வெயில் பட்டதும் தணலை ஊதிவிட்டது போல உள்ளிருந்து எரிகிறது. கல்லில் இருக்கும் குரோமியம், வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிச் சிவப்பாக உமிழ்கிறது. இரும்பு கலந்தால் அந்த ஒளி அமுங்கிவிடும். மொகோக் கல் சலவைக்கல் பாறையில் விளைவதால் அதில் இரும்பு மிகக் குறைவு. முழு இருட்டில் தானாக ஒளிராது, உண்மைதான். ஆனால் இந்தத் தணலைப் பார்த்தவர்கள்தான் பாம்புக்கு விளக்காக அதைக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொகோக், மண்டலே நகருக்கு வடக்கே, சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர். கல் கலந்த சரளை மண்ணுக்கு அங்கே 'பியோன்' என்று பெயர். சுரங்கத்தில் கழுவி ஒதுக்கிய சரளையைப் பெண்கள் மறுபடி சலிப்பார்கள். கிடைக்கிற கல் அவர்களுக்கே, அது பழைய வழக்கம்.

(காட்சி: ஓடை நீரில் சல்லடை. ஈர விரல்கள் சரளையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றன.)

பாட்டியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். "முட்டை ஓட்டைத்தான் இன்னும் பொறுக்குகிறார்கள்" என்றார்.